கிடப்பில் போட்டவரின் கணக்கு: இமானுவேல் செல்லரின் ஐம்பது ஆண்டுகள்



சட்டம் இயற்றியவர் ஒருவரைப் பற்றி ஆண்டுக்கொரு சொற்பொழிவு என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. யாரைப் பற்றி என்பதைப் பேசுகிறவரிடமே விட்டுவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டவர் இமானுவேல் செல்லர். நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியிலிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு 25 முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனநாயகக் கட்சிக்காரர். 1923 மார்ச் மாதம் உள்ளே போனவர், 1973 ஜனவரியில்தான் வெளியே வந்தார். ஹார்டிங் முதல் நிக்சன் வரை ஒன்பது குடியரசுத் தலைவர்களைப் பார்த்துவிட்டார். இந்த அரங்கில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அதிகம் இருக்க மாட்டீர்கள். ஆனால் உங்களில் பலருக்கு அமெரிக்காவில் ஒரு சித்தப்பா மகனோ, அத்தை மகளோ இருப்பார்கள். அவர்கள் அங்கே குடியேற வழிவிட்ட சட்டத்தில் இவர் பெயர் இருக்கிறது.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1888இல் புரூக்ளினில் பிறந்த யூதர். தந்தையின் மது வணிகம் நொடித்தது. பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டே வீடு வீடாக ஒயின் விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்து வழக்கறிஞரானார். 34 வயதில் சபைக்குப் போனார். 1949இல் சபையின் நீதித்துறைக் குழுவுக்குத் தலைவரானார். குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்றிருந்த இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, 1973 வரை அந்த நாற்காலி அவருடையதுதான். அரசியலமைப்புத் திருத்தம், குடியுரிமை, குடியேற்றம், சிவில் உரிமை, ஏகபோகத் தடை என எதைத் தொட்டாலும் அந்தக் குழுவைக் கடந்துதான் போக வேண்டும். நாம் பேசவேண்டிய விஷயம் அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் உறுப்பினரை எடைபோட அமெரிக்கர்கள் முதலில் கேட்பது அவர் எப்படி வாக்களித்தார் என்பதைத்தான். தொழிற்சங்கங்கள், வணிகர் சங்கங்கள், கொள்கை அமைப்புகள் எல்லாமே முக்கியமான வாக்கெடுப்புகளைப் பொறுக்கியெடுத்து உறுப்பினர்களுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுகின்றன. அங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. கொறடா சொன்னபடி வாக்களிக்காவிட்டால் பதவி பறிபோகும் என்ற நிலை இல்லை. ஆகவே ஒவ்வொரு வாக்கும் அந்த உறுப்பினரின் சொந்தக் கணக்கில் ஏறுகிறது. நம் ஊரில் 1985க்குப் பிறகு அப்படிப் படிக்க வழியில்லை. அந்த வகையில் அவர்களுடைய வாக்குப் பதிவேடு பொறாமைப்படத்தக்க ஆவணம்தான். ஆனாலும் செல்லர் போன்ற ஒருவரை அந்தப் பதிவேட்டை மட்டும் வைத்துப் படித்தால் பாதி ஆளைத்தான் பார்ப்போம். ஒரு குழுத் தலைவரின் அதிகாரம் எதற்குக் கை தூக்கினார் என்பதில் கொஞ்சம், எதை வாக்கெடுப்புக்கே வரவிடாமல் செய்தார் என்பதில் அதிகம். நம் அரசு அலுவலகங்களில் ‘கிடப்பில் போடுவது’ என்போமே, அதுதான். கிடப்பில் கிடப்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் வரி இல்லை. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

முதலில் வெளிச்சத்தில் நடந்ததைப் பார்ப்போம்.

அவர் சபைக்குள் போன மறு ஆண்டு, 1924இல், ஜான்சன்-ரீட் குடியேற்றச் சட்டம் வந்தது. எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம் என்பதற்கு அது ஓர் அளவுகோல் வைத்தது: 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அந்த நாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேரோ, அதில் நூற்றுக்கு இரண்டு. 1920 கணக்கு கையில் இருக்கும்போது முப்பது ஆண்டு பழைய கணக்கு எதற்கு? இத்தாலியர்களும், போலந்துக்காரர்களும், கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெருந்திரளாக வந்திறங்கியது 1890க்குப் பிறகு. அவர்களைக் கணக்கிலிருந்து வெளியே தள்ளுவதற்காகவே அந்த ஆண்டு. ஆசியர்களுக்கோ அந்த இரண்டு சதவீதமும் இல்லை. குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று சொல்லிக் கதவையே சாத்திவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

புதிய உறுப்பினர் செல்லரின் முதல் பெரிய பேச்சு இந்த மசோதாவுக்கு எதிராகத்தான். இப்படி மனிதரைத் தரம் பிரிப்பது எந்த நியாயம் என்று கேட்டார். அவருடைய வாக்காளர்களே அந்தப் பழைய கணக்கில் இடம்பெறாதவர்கள். 1924 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை 323க்கு 71 என்ற கணக்கில் மசோதாவை நிறைவேற்றியது. தோற்ற தரப்பில் நின்றவர், அந்தத் தோல்வியை 41 ஆண்டுகள் மறக்கவில்லை.

இடைப்பட்ட காலத்தில் கிடைத்த இடத்தில் எல்லாம் அந்தச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர்களுக்கு விசா மறுத்த வெளியுறவுத் துறையைப் போர்க்காலத்திலேயே பகிரங்கமாகச் சாடினார். பெரிய பலன் இல்லை. 1946இல் ஒரு சிறிய வெற்றி கிடைத்தது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த கிளேர் பூத் லூசுடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த லூஸ்-செல்லர் சட்டம், இந்தியர்களும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற வழி செய்தது. இந்தியாவிலிருந்து புதிதாகக் குடியேற ஆண்டுக்கு 100 பேர். ஆம், நூறே பேர். நியூயார்க்கில் வணிகம் செய்த ஜே. ஜே. சிங் தலைமையில் இந்தியா லீக் என்ற அமைப்பு அதற்காக வாஷிங்டனில் படியேறி இறங்கியது. அந்த 100 என்ற எண்ணைப் பார்த்து அப்போதே பலர் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் எடை அந்த எண்ணில் இல்லை, ஏற்கெனவே அங்கே இருந்தவர்களுக்கு அது கொடுத்த குடியுரிமையில் இருந்தது. 1937 முதல் விஸ்கான்சினில் உள்ள யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியாற்றிவந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1953இல் அமெரிக்கக் குடிமகன் ஆனது இந்தச் சட்டம் திறந்த வழியில்தான். பஞ்சாபிலிருந்து போய்க் கலிபோர்னியாவில் விவசாயம் பார்த்த தலிப் சிங் சௌந்த் 1949இல் குடியுரிமை பெற்றார். 1956இல் தேர்தலில் வென்று, செல்லர் இருந்த அதே சபைக்கு உறுப்பினராக வந்து உட்கார்ந்தார்.

1952இல் மீண்டும் ஒரு தோல்வி. மெக்காரன்-வால்டர் சட்டம் பிறப்பு நாட்டு ஒதுக்கீட்டை அப்படியே தக்கவைத்தது. செல்லர் எதிர்த்தார், குடியரசுத் தலைவர் ட்ரூமன் தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தித் திருப்பி அனுப்பினார். இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து ட்ரூமனையே மீறின. அப்போது நீதித்துறைக் குழுத் தலைவர் செல்லர்தான் என்பதைக் கவனியுங்கள். தலைவராக இருந்தும், பெரும்பான்மை எதிர்ப்பக்கம் திரண்டுவிட்டால் கதவைப் பூட்ட முடியாது என்பது அந்த முறை தெரிந்தது. பூட்டி வைக்கப் பெரும்பான்மையின் அசட்டை வேண்டும். அவர்கள் கவலைப்படாத விஷயத்தைத்தான் ஒரு குழுத் தலைவர் ஆண்டுக்கணக்கில் அமுக்கி வைக்க முடியும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடைசியில் 1965. செனட்டில் மிச்சிகனின் பிலிப் ஹார்ட், பிரதிநிதிகள் சபையில் செல்லர். ஆகஸ்ட் 25 அன்று பிரதிநிதிகள் சபையில் 318க்கு 95, செப்டம்பரில் செனட்டில் 76க்கு 18. அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டார். பிறப்பு நாட்டு ஒதுக்கீடு ஒழிந்தது. கிழக்கு அரைக்கோளத்துக்கு ஆண்டுக்கு 1,70,000 பேர். எந்த ஒரு நாட்டுக்கும் 20,000க்கு மேல் இல்லை. 35 வயதில் தொடங்கிய சண்டையை 77 வயதில் வென்றார்.

இந்த வெற்றிக்குள் ஒரு விநோதம் இருக்கிறது. ஆசியர்கள் வெள்ளமாக வந்துவிடுவார்கள் என்று பயந்தவர்களுக்குச் சபையிலேயே செல்லர் சமாதானம் சொன்னார்: அங்கே ஏற்கெனவே உறவினர் இருப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை, ஆசியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் அமெரிக்காவில் உறவினர் குறைவு, ஆகவே அதிகம் பேர் வரப்போவதில்லை என்று. குடியேற்றத் துணைக்குழுவின் தலைவர், ஓஹையோவின் மைக்கேல் ஃபீகன், குடும்ப உறவுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்று அடம்பிடித்ததே நாட்டின் ஐரோப்பிய நிறம் மாறாமல் இருக்கட்டும் என்ற நினைப்பில்தான். நடந்தது தலைகீழ். ஐரோப்பாவில் வாழ்க்கை வசதியாகிவிட்டிருந்தது. அங்கிருந்து கிளம்ப ஆள் இல்லை. அதே 1965இல் மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்து மருத்துவர்களுக்குத் தேவை கூடியது. தொழில் தகுதிக்காக விட்டிருந்த சிறு வாசல் வழியாக இந்திய மருத்துவர்களும் பொறியாளர்களும் உள்ளே போனார்கள். சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளில் படித்தவர்களும் அதில் இருந்தார்கள். போனவர்கள் குடியுரிமை பெற்றதும், ஃபீகன் பிடிவாதமாக வைத்த அதே உறவினர் முன்னுரிமையில் அண்ணன், தம்பி, தங்கையை அழைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று. எல்லா நாட்டுக்கும் ஒரே உச்சவரம்பு என்பது 1965இல் சமத்துவத்தின் மொழியாக இருந்தது. அந்தக் கருத்திலிருந்து வந்ததுதான், 1990 சட்டத்துக்குப் பிறகு நடைமுறையில் இருக்கும் ஒரு நாட்டுக்கு 7 சதவீத வரம்பு. இன்று கிரீன் கார்டுக்கு இந்தியர்கள் பல ஆண்டுகள் வரிசையில் நிற்பதற்கு அதுதான் காரணம். அதற்குச் செல்லரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் போனபின் வந்தவர்கள் திருத்தியிருக்கலாம்.

குடியேற்றத்துக்கு வெளியே அவர் பெயரில் உள்ளவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன், நேரம் வேறொன்றுக்கு வேண்டும். போட்டி நிறுவனங்களின் பங்குகளை வாங்கத் தடை இருந்தபோது சொத்துகளை மட்டும் வாங்கி விழுங்கிவந்த தந்திரத்தை அடைத்தது 1950ஆம் ஆண்டின் செல்லர்-கெஃபாவர் சட்டம். 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் அவருடையது. குடியரசுத் தலைவர் செயலிழந்தால் என்ன செய்வது என்று வகுத்த 25ஆவது திருத்தத்திலும் அவர் கை உண்டு. தேர்வாளர் குழுவை ஒழித்து மக்களே நேரடியாகக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற திருத்தத்தை 1969இல் பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மையுடன் நிறைவேற்றினார். மறு ஆண்டு செனட்டில் பேசிப் பேசியே அதைக் கொன்றார்கள். இன்றுவரை வேறு எந்தக் கையும் அந்தச் சீர்திருத்தத்தை அவ்வளவு தூரம் கொண்டுபோனதில்லை.

1964 சிவில் உரிமைச் சட்டத்தைப் பற்றி மட்டும் நின்று பேச வேண்டும். அமெரிக்காவின் கறுப்பினத்தவருக்குப் பொது இடங்களையும் வேலைவாய்ப்பையும் திறந்துவிட்ட சட்டம். 1963 ஜூன் மாதம் அதை அறிமுகப்படுத்தியவர் செல்லர். ஓஹையோவின் சிறு நகரத்துக் குடியரசுக் கட்சிக்காரர் வில்லியம் மெக்கலக் ஒத்துழைக்காமல் அது நகராது என்பது அவருக்குத் தெரியும். ஏனென்றால் அவருடைய சொந்தக் கட்சியின் தென்மாநிலத்தவர்தான் அதன் எதிரிகள். சபை அதை முதலில் நிறைவேற்றிய வாக்கெடுப்பைப் பாருங்கள்: ஆதரவு 290, எதிர்ப்பு 130. எதிர்த்தவர்களில் 96 பேர் ஜனநாயகக் கட்சியினர், 34 பேர்தான் குடியரசுக் கட்சியினர்.

நீதித்துறைக் குழுவிலிருந்து வெளியே வந்த மசோதா விதிமுறைக் குழுவுக்குப் போக வேண்டும். எந்த மசோதா எப்போது எப்படி விவாதத்துக்கு வரும் என்று அந்தக் குழுதான் முடிவுசெய்யும். அதன் தலைவர் வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித், இனப் பிரிவினையை நியாயம் என்று நம்பியவர். கிடப்பில் போடும் கலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1957இல் ஒரு சிவில் உரிமை மசோதா வந்தபோது, ஊரில் தன் பண்ணையில் கொட்டகை எரிந்துவிட்டது, பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். தலைவர் இல்லாமல் குழு கூட முடியாது. மசோதா காத்துக் கிடந்தது. 1963 டிசம்பரிலும் அவர் அவசரப்படவில்லை. அப்போது செல்லர் எடுத்த ஆயுதம் விடுவிப்பு மனு. சபையின் 435 பேரில் 218 பேர் கையெழுத்திட்டால், குழுவில் முடங்கிக் கிடக்கும் மசோதாவைப் பிடுங்கி நேராகச் சபைக்குக் கொண்டுவரலாம். அபூர்வமாகவே பலிக்கும் வழி, காரணம் குழுத் தலைவர்களைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் துணிவு வராது. செல்லரின் மனுவில் 218 கையெழுத்து சேரவில்லை. ஆனால் சேர்ந்துவிடும் போலிருந்தது. அந்த அவமானத்துக்கு முன்பே ஸ்மித் விசாரணையைத் தொடங்கி, 1964 ஜனவரி இறுதியில் மசோதாவை விட்டுவிட்டார்.

விட்டவர் சும்மா விடவில்லை. பிப்ரவரி 8, சனிக்கிழமை. வேலைவாய்ப்பில் இனம், நிறம், மதம், பிறந்த நாடு காரணமாகப் பாகுபாடு கூடாது என்ற ஏழாவது பகுதியில் ‘பால்’ என்பதையும் சேருங்கள் என்று ஸ்மித் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மசோதாவையே கவிழ்க்கத்தான் செய்தார் என்கிறார்கள் பலர். இல்லை, பெண்கள் சம உரிமைத் திருத்தத்தை அவர் வெகுகாலமாக ஆதரித்தவர், உள்ளபடியே நினைத்துத்தான் செய்தார் என்பவர்களும் உண்டு. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கக் கூடாதா என்ன? சபையில் சிரிப்பலை. செல்லரும் தன் பங்குக்கு, ‘49 ஆண்டு இல்லறத்தில் எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை என்னுடையதுதான், அது “சரிம்மா” என்பதுதான்’ என்ற பொருளில் ஒரு நகைச்சுவையை எடுத்துவிட்டார். சொல்லிவிட்டுத் திருத்தத்தை எதிர்த்தார். தொழிலாளர் துறையும் அப்போது அதை விரும்பவில்லை.

அந்தச் சிரிப்பை நிறுத்தியவர் மார்த்தா கிரிஃபித்ஸ், டெட்ராய்ட் பகுதியிலிருந்து வந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர். பெண்கள் இரண்டாம் தரக் குடிமக்கள் என்பதற்குச் சான்று வேண்டுமென்றால் நீங்கள் இப்போது சிரித்த சிரிப்பே போதும் என்ற பொருளில் பேச்சைத் தொடங்கினார். திருத்தம் 168க்கு 133 என்று வென்றது.

இந்த 168 பேர் யார் யார் என்று கேட்டால் பதில் கிடையாது. முழுச் சபைக் குழுவாகக் கூடும்போது அப்போதெல்லாம் பெயர் சொல்லி வாக்கெடுப்பதில்லை. நடைபாதையில் எண்ணுகிறவர்கள் நிற்பார்கள். ஆதரிப்பவர்கள் அவர்களைக் கடந்து நடப்பார்கள். பிறகு எதிர்ப்பவர்கள் நடப்பார்கள். தலைகளை எண்ணி எண்ணிக்கையை மட்டும் அறிவிப்பார்கள். 1970 சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகுதான் இத்தகைய வாக்குகளில் பெயர் பதிவாகத் தொடங்கியது. அமெரிக்கப் பெண்களின் வேலை வாழ்க்கையை மாற்றிய வாக்கெடுப்பு பதிவேட்டில் பெயரில்லாத வாக்கெடுப்பு. பதிவேடு பதிவேடு என்று புகழ்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். செல்லர் எந்தப் பக்கம் என்பது அவர் பேசியதால்தான் நமக்குத் தெரிகிறது.

இனி நான் சொல்லவந்த இடம்.

பால் காரணமாக உரிமைகள் மறுக்கப்படக் கூடாது என்னும் அரசியலமைப்புத் திருத்தம் முதன்முதலில் சபைக்கு வந்தது 1923இல், செல்லர் உறுப்பினரான அதே ஆண்டில். பிறகு கூட்டத்தொடர் தோறும் யாராவது அதை அறிமுகப்படுத்தினார்கள். அது நீதித்துறைக் குழுவுக்குப் போகும். அங்கேயே கிடக்கும். பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு அதைப் பற்றி 1948இல் ஒரு விசாரணை நடத்தியது. மறு ஆண்டு செல்லர் தலைவரானார். அதன்பின் 22 ஆண்டுகளுக்கு ஒரு விசாரணைகூட இல்லை. செனட் 1950இலும் 1953இலும் ஒரு பின்னிணைப்போடு அதை நிறைவேற்றியும் குழுவில் அசைவு இல்லை. இந்த 22 ஆண்டுகளில் அவருடைய வாக்குப் பதிவை எடுத்துப் பாருங்கள். பெண்கள் சம உரிமைத் திருத்தத்துக்கு எதிராக ஒரே ஒரு வாக்குகூட இருக்காது. வாக்கெடுப்பு நடந்தால்தானே!

அவர் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு வேலைநேர உச்சவரம்பு, தூக்கும் பாரத்துக்கு வரம்பு, இரவு வேலைத் தடை என்று தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற சட்டங்கள் பல மாநிலங்களில் இருந்தன. திருத்தம் வந்தால் அவை செல்லாமல் போகும் என்று அஞ்சினார்கள். குடியரசுத் தலைவரின் மனைவியாக இருந்த எலினார் ரூஸ்வெல்ட்டே நெடுங்காலம் இதை எதிர்த்தவர். 1950களில் செல்லர் சொன்னது தொழிலாளர் இயக்கத்தின் பொதுவான நிலைப்பாடு. அதில் பழி இல்லை. ஆனால் 1964 சட்டம் வந்தபின் கதை மாறியது. அதன் ஏழாவது பகுதியோடு அந்தப் பாதுகாப்புச் சட்டங்கள் முரண்படுகின்றன என்று சம வேலைவாய்ப்பு ஆணையம் 1969இல் சொல்லிவிட்டது. நீதிமன்றங்களும் அந்த வழியில் தீர்ப்பு எழுதத் தொடங்கின. மோட்டார் தொழிலாளர் சங்கம் 1970இல் திருத்தத்தை ஆதரித்தது. செல்லர் தூக்கிப் பிடித்த காரணத்தை அடியோடு பெயர்த்தது அவரே சபையில் நடத்திக் கொடுத்த சட்டம்தான். காரணம் போனபின்னும் கதவு மட்டும் பூட்டியே இருந்தது.

1970 ஜூன் மாதம் மார்த்தா கிரிஃபித்ஸ் ஒரு விடுவிப்பு மனு போட்டார். ஆறரை ஆண்டுக்கு முன் செல்லர் ஸ்மித்துக்கு எதிராக எடுத்த அதே ஆயுதம். இவருக்கு 218 கையெழுத்தும் கிடைத்தது, ஜூலை மாதத்துக்குள். ஆகஸ்ட் 10 அன்று திருத்தம் சபைக்கு வந்தது. செல்லர் எதிர்த்துப் பேசினார். ஆணும் பெண்ணும் வேறு என்ற பழைய பாட்டையே பாடினார், பழைய நகைச்சுவைகளோடு. சபையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் 15 பேர் மட்டும். இரண்டு தலைமுறையாக நாடு ஏற்காது என்று சொல்லிக்கொண்டிருந்த திருத்தத்தை எதிர்க்க, 435 பேர் கொண்ட சபையில் 15 பேர்தான் இருந்தார்கள். அந்தப் பெரும்பான்மை ஒரே இரவில் முளைத்திருக்காது. அது எப்போது உருவானது என்று நமக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் ஒரு குழு அறையின் பூட்டு.

இங்கே ஒருவர் எழுந்து, அவர் அந்தக் காலத்து மனிதர், 1888இல் பிறந்தவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்று கேட்கலாம். நான் ஏற்க மாட்டேன். இன ஒதுக்கீட்டில் தன் காலத்தை விட 41 ஆண்டு முன்னால் நின்றவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைப்பதையும் அவர் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார். ஆனால் 1970இல் வாக்குரிமைச் சட்டத்தின் நீட்டிப்போடு செனட் அதை இணைத்து அனுப்பியபோது, சட்டத்தைக் காப்பாற்ற விழுங்கிக்கொண்டார். மறு ஆண்டு 26ஆவது திருத்தத்தைச் சபையில் அவரே நடத்தி நிறைவேற்றினார். அது 401க்கு 19 என்று வென்றது. மனத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்தான். பெண்கள் விஷயத்தில் மாற்றிக்கொள்ள மறுத்தார்.

1972இல் அதற்கு விலை கொடுத்தார். ஜூன் மாதம் கட்சியின் உட்தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் எலிசபெத் ஹோல்ட்ஸ்மன், 30 வயது வழக்கறிஞர். வாஷிங்டன் நினைவுத் தூணைப் பல்குத்தும் குச்சியால் சாய்க்கப் பார்க்கிறார் என்று செல்லர் ஏளனம் செய்தார். அந்தப் பெண் தெருத்தெருவாக நடந்தார். செல்லரைத் தொகுதியில் பார்ப்பதே அரிது என்றார். வியட்நாம் போர், பெண்கள் திருத்தம் இரண்டையும் பேசினார். சுமார் 600 வாக்கு வித்தியாசத்தில் செல்லர் தோற்றார். ஐம்பது ஆண்டுகளில் 25 தேர்தல் வென்றவர், பொதுத் தேர்தலை எட்டும் முன்னரே.

தொடர்ந்து நடந்தவை சட்ட வரலாறு படிப்பவர்களுக்குச் சுவையானவை. செல்லர் விட்டுப்போன நாற்காலியில் பீட்டர் ரொடினோ உட்கார்ந்தார். 1974இல் நிக்சனைப் பதவிநீக்கும் தீர்மானத்தை விசாரித்தது அந்தக் குழுதான். ஹோல்ட்ஸ்மன் அதில் உறுப்பினர். பெண்கள் திருத்தம் 1972 மார்ச்சில் செனட்டிலும் 84க்கு 8 என்று நிறைவேறி மாநிலங்களுக்குப் போயிருந்தது. ஏழாண்டுக் கெடு முடியும் தறுவாயில், 1978இல், அதை 1982 வரை நீட்டித்த தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அதே ஹோல்ட்ஸ்மன். நீட்டித்தும் 38 மாநிலங்கள் வேண்டிய இடத்தில் 35தான் தேறின. இடைக்காலத்தில் எதிர்ப்பு இயக்கம் வலுவாகத் திரண்டுவிட்டது. 1960களிலேயே அது குழுவை விட்டு வந்திருந்தால் நிறைவேறியிருக்குமா? அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஒரு விசாரணையாவது நடந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அறுதியிட்டுச் சொல்வேன். ஒரு கோரிக்கையை எதிர்ப்பது உறுப்பினரின் உரிமை. நாடு அதைப் பற்றிப் பேசுவதைத் தடுப்பது குழுத் தலைவரின் உரிமையில் சேராது. ஸ்மித் செய்தபோது செல்லருக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது.

என் தீர்ப்பு இது. குடியேற்றத்திலும் இனச் சமத்துவத்திலும் அந்த நூற்றாண்டில் அமெரிக்கச் சபையில் இவருக்கு இணையாகச் சட்டம் செய்தவர்கள் மிகச் சிலர். அதே மனிதர் தன் மேசை இழுப்பறையில் நாட்டின் பாதிப்பேரின் கோரிக்கையை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். முதலாவது இரண்டாவதைக் கழிக்காது. இரண்டாவது முதலாவதை அழிக்காது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செல்லரின் தாள்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன, அவ்வளவு தூரம் நீங்கள் போக வேண்டியதில்லை. சபையில் பேசியதெல்லாம் ‘காங்கிரஷனல் ரெகார்டு’ என்ற பதிவில் நாள்வாரியாக அச்சாகியிருக்கிறது. இணையத்திலும் யாரும் படிக்கலாம். 1964 பிப்ரவரி 8, 1970 ஆகஸ்ட் 10 ஆகிய இரண்டு நாள் விவாதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். அடுத்து யாராவது ஓர் உறுப்பினரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும்போது, வாக்குப் பட்டியலோடு நிற்காமல், அவர் தலைமை வகித்த குழுவில் விசாரணை இல்லாமல் காலாவதியான மசோதாக்களின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். அந்தப் பட்டியலை யாரும் தயாராகத் தொகுத்து வைத்திருக்க மாட்டார்கள். நீங்கள்தான் தொகுக்க வேண்டும்.